சைவ வண்டியின் ரேடியேட்டர்

என் அக்காள் புருஷனுக்கு மோட்டார் வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரியாதவர் சும்மா இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவர் சும்மா இருக்கமாட்டார். திருவனந்தபுரம் ஆரியசாலையில் மிளகாய்வற்றல் மொத்த வியாபாரம். நாலு மூட்டை விற்றவனுக்கு உலகத்தில் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு அந்தத் தெருவுக்கே உண்டு. அவருக்குக் கொஞ்சம் கூடுதல்.

வண்டி அவர் பெயரில் இருந்தது. ஏதோ தேயிலைத் தோட்டத்துத் துரை ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற பழைய அமெரிக்க வண்டி. அதைத் தம்பானூர் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டியவன் நான். என் சோறு அதில்தான். அது போனால் அவர் கடையில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தும்மிக்கொண்டு வற்றல் நிறுக்க வேண்டும். அதற்குக் கரமனை ஆற்றில் விழலாம்.

யுத்த காலத்தில் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. அதற்கு டிரைவர்கள் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. கோழிமுட்டையின் வெள்ளைக்கருவை உள்ளே விட்டால், சூட்டில் வெந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். கொஞ்ச காலம் தாங்கும். நான் முட்டை வாங்கி வந்ததை அத்தான் பார்த்துவிட்டார்.

“சைவக்காரன் வண்டியில முட்டையாடே? இதுல ஏறித்தானே நாளைக்குக் கோயிலுக்குப் போணும்?”

“முட்டைய வண்டிதான் திங்கும் அத்தான். உங்கள யாரு திங்கச் சொன்னா?”

“வாயப் பொத்து. அடைக்கதுக்கு உளுந்து போதும்.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அக்காளை அரைக்கச் சொல்லி, ஒரு செம்பு உளுந்து மாவை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டிருந்தார். ஓட்டை அடைபட்டது உண்மை. கூடவே தண்ணீர் போகிற குழாய்கள் அத்தனையும் அடைபட்டன. அது தெரியாமல் ஸ்டேஷனில் சவாரி ஏற்றினேன். சாலைக் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் மூடி எகிறி, மேல்தட்டு பிளந்து, வெந்த மாவு கண்ணாடி முழுக்கத் தெறித்தது. தெருவே இட்டிலி மணத்தது. பின்னால் இருந்த வக்கீல் குமாஸ்தா இறங்கி, “கொள்ளாமே, நல்ல மணம்! சட்னி உண்டோ?” என்று கேட்டுவிட்டு நடந்து போனான்.

தம்பானூர் ஒர்க்‌ஷாப் மேஸ்திரி அன்று பட்டாளத்து லாரிகளைத் தவிர வேறு எதையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டான். “ரேடியேட்டர் செத்துப் போயி, அண்ணாச்சி. வேறே வைக்கணும். யுத்தம் கழிஞ்ஞு வா,” என்றான்.

“நானே வச்சுக்கிடுதேன்.”

“நீயோ?” என்று கேட்டு, அங்கிருந்த எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

வீட்டில் அத்தான் அதற்கு மேல். தான் மாவு ஊற்றியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பழைய இரும்பு வியாபாரியைக் கூட்டிவந்து வண்டியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். இரும்புக்கு நல்ல கிராக்கி. நான் கத்தினேன். அக்காள் அழுதாள். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார். மகளுக்கு நாகர்கோவிலில் நிச்சயம் வைத்திருந்தது. “சம்பந்தக்காரன் வீட்டு வாசல்ல கொதிக்காமக் கொண்டு நிறுத்து. வண்டி ஒனக்கு. வழியில ஒருக்கா நின்னாலும் வந்து வத்தல் நிறு.”

அந்த இரும்பு வியாபாரியின் குவியலிலிருந்தே ஓர் உடைந்த லாரியின் ரேடியேட்டரைப் பொறுக்கினேன். என் வண்டிக்கு அது நாலு விரல் கூடுதல் உயரம். போல்ட் துளை எதுவும் நேருக்கு நேர் வரவில்லை. அத்தான் வற்றல் அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் கப்பியில் அதைக் கட்டித் தொங்கவிட்டு, இறக்கி, அளந்து, ஏற்றி, அரத்தால் துளையை அகட்டி, மறுபடி இறக்கினேன். அடியில் அதிர்வு தாங்கப் பழைய செருப்புத் தோலை வெட்டி வைத்தேன். ரப்பர் ஹோஸ் ஊரிலேயே கிடையாது. லாரி டியூபைச் சுருட்டித் துணி சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். ஃபேன் இறக்கை ரேடியேட்டரில் உரசுகிறதா என்று எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு விரல் இடைவெளி இருந்தது, போதும். பானெட் மட்டும் மூடவில்லை. கயிற்றால் கட்டினேன். கையில் அரம் கிழித்த காயத்தில் கிட்டங்கியின் வற்றல் தூசி ஏறி எரிந்தது. ஒருவனும் வந்து ஒரு முனையைப் பிடிக்கவில்லை. வாசலில் நின்று சிரிக்க மட்டும் தெருவில் ஆள் இருந்தது.

தண்ணீர் நிரப்பி விட்டேன். மறுநாள் காலையில் கீழே ஒரு சொட்டு இல்லை. ஊரைச் சுற்றி ஓட்டினேன். கொதிக்கவில்லை.

நிச்சயத்துக்குப் புறப்பட்ட அன்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்றார் அத்தான். சரி. நான் தகரத்தில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் வண்டியின் மூக்கில் ஆள் கனத்துக்கு ஒரு கதம்ப மாலையைச் சாத்திவிட்டார்.

“அத்தான், காத்து போற எடம். மாலைய எடுங்க.”

“தொட்டேன்னா வண்டி இப்பமே இரும்புக் கடைக்குப் போவும்.”

அக்காளும் மகளும் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

நேமம் தாண்டி ஓர் ஏற்றம். பாதியில் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. நிறுத்தினேன். அத்தான் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். மகளின் நிச்சயத்துக்கு நேரமாகிறதே என்ற கவலை அந்த முகத்தில் இல்லை. ஜெயித்த முகம்.

“நான் அப்பமே சொன்னேன்லா? கைவேலைக்காரனாம், கைவேலைக்காரன்!”

மாலையைப் பிடித்து இழுத்து ஓடையில் எறிந்தேன். அதற்கு அடியில் பார்த்தேன். ரேடியேட்டரின் நெற்றியிலிருந்து அடிவரை, உள்ளங்கை அகலத்தில் மூன்று பட்டை சந்தனம். பூசியது போதாதென்று தகட்டு இடுக்கு ஒவ்வொன்றிலும் அழுத்தித் தேய்த்திருந்தார். எஞ்சின் சூட்டில் அது சுண்ணாம்புச் சாந்து மாதிரி இறுகிக் கிடந்தது. ஊசி முனைக் காற்று நுழையாது.

“இது யாரு வேலை, வே?” என்றேன். அத்தானை ‘வே’ என்று நான் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

“புது உருப்படிக்குச் சந்தனம் சாத்தாண்டாமா?”

“உள்ள உளுந்து, வெளிய சந்தனம். அடுத்தாப்ல டேங்க்ல பாயசம் காய்ச்சும், வே!”

பின்னால் மகள் சிரித்துவிட்டாள். அக்காள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ரோட்டோரத்துத் தென்னை ஓலையிலிருந்து ஈர்க்கு உருவி, இடுக்கு இடுக்காகக் குத்திச் சந்தனத்தை எடுத்தேன். அவர் நிழலில் நின்று வெற்றிலை போட்டார். சூடு ஆறியதும் தகரத்துத் தண்ணீரை விட்டுக் கைப்பிடியைச் சுற்றினேன். ஏற்றம் ஏறியது. பாறசாலையைத் தாண்டியது. நாகர்கோவில் சம்பந்தக்காரர் வாசலில் நிற்கும்போது மூடியைக் கையால் தொட முடிந்தது.

அந்த வாசலில் வைத்து அவர் சம்பந்தியிடம் சொன்னார்: “வழியில எஞ்சின் வெடிச்சிருக்கும், கேட்டேளா? சந்தனம் சாத்திக் கொண்டாந்தேன். அந்தக் குளிர்ச்சிதான் காப்பாத்திச்சு.” சம்பந்தியும் தலையை ஆட்டினார். அவரும் வற்றல் வியாபாரிதான்.

ஆனால் நாலு பேர் முன்னால் வண்டி வந்து நின்றுவிட்டது. வழியில் நின்றது அவர் பூசிய சந்தனத்தால்தானே என்று அக்காள் விடவில்லை. திருவனந்தபுரம் திரும்பியதும் வண்டியை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். ஏதோ தானம் செய்கிற முகத்தோடுதான் கொடுத்தார். அதற்குப் பிறகு பல வருஷம் ஓட்டினேன். ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் அத்தான் சந்தனக் கிண்ணத்தோடு வருவார். வண்டியின் மூக்கு கிட்டங்கிச் சுவரோடு ஒட்டி நிற்கும். நடுவில் ஒரு கை நுழையாது. வேண்டுமென்றால் பின்னால் பூசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.