அக்கா ஆண்டவருக்காக விட்ட மாத்திரை

அந்தப் பொட்டலத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது. பேர் கிடையாது, அட்டை கிடையாது. காகிதத்தில் மடித்த வெள்ளை மாத்திரைகள். எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையில் ஒருவன் மூட்டுவலிக்கு மூலிகை என்று விற்றான். பெங்களூர் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு ரயிலில் திரும்பும் என் அக்கா, வருஷக்கணக்காக அதை விழுங்கினாள். முழங்கால் வலி போனது. முகம் உப்பியது, பிடரியில் சதை திரண்டது. "இன்னா களை வந்துகீது பாரு, எல்லாம் ஆண்டவர் ஆசீர்வாதம்" என்று சர்ச்சில் பூசை முடிந்து பெண்கள் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் வீட்டில் ஆளுக்குப் பிடித்த ஒன்றை விடுவோம். அக்கா வழக்கமாகக் கறியை விடுவாள். இந்த வருஷம், "எனக்கு இருக்கிற ஒரே சுகம் இதான், இதையே ஒப்புக்குடுக்கிறேன்" என்று தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

அந்த வாரமே வாந்தி. எழுந்து நின்றால் தலைசுற்றல். அதே பெண்கள் வந்து, "ஒறுத்தல்னா அப்டித்தான், தாங்கிக்கோ" என்று ஜெபமாலை சொன்னார்கள். வாந்தி வாளியை ஒருத்தியும் தொடவில்லை. ஞாயிறு காலை அக்கா குளியலறையில் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்த அழுத்தம் விழாமல் காக்கும் கார்டிசால் ஹார்மோன் ரத்தத்தில் பேருக்குத்தான் இருந்தது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிதான் அதைச் சுரக்குமாம். ரத்தத்தில் அளவு குறைந்தால் மூளை கேட்கும், சுரப்பி சுரக்கும். பொட்டலத்தில் இருந்தது ஸ்டீராய்டு, கார்டிசாலின் வேலையையே செய்யும் மருந்து. வெளியிலிருந்தே வந்து கொட்டியதால் மூளை கேட்பதை விட்டுவிட்டது, சுரப்பியும் சுருங்கிவிட்டது. அக்கா திடீரென்று நிறுத்தியதும் வெளியிலும் வரவில்லை, உள்ளேயும் ஊறவில்லை. இனி ஸ்டீராய்டையே அளவாகக் கொடுத்து, மாதக்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும், நடுவில் விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

விற்றவன் மூஞ்சியில் காறித் துப்பலாம் போலிருந்தது. அதைவிட அருவருப்பு, அதே சனியனை இனி நான் என் கையால் ஊட்ட வேண்டும் என்பது.

ஊசி முடிந்து மாத்திரை தொடங்கிய அன்று அக்கா வாயை இறுக்கிக்கொண்டாள். "ஈஸ்டர் வரைக்கும் துன்ன மாட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிகீறேன்டி."

"செத்துப்பூடுவே. முழுங்குக்கா."

முழுங்கினாள். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது.

"வலிக்குதுன்னு துன்னேன், சாமிக்குன்னு உட்டேன். ரெண்டுல எதுக்குடி எனக்கு இந்தத் தண்டனை?"

முந்தானையால் அவள் காதோரம் துடைத்துவிட்டேன். அடுத்த வேளைக்கு, நான் நீட்டும் முன்பே அவள் வாயைத் திறந்தாள்.