பரமலிங்கம் கேட்ட வெறும் தண்ணீர்

சென்ற வியாழக்கிழமை முற்பகல் புங்குடுதீவு பஸ்சின் கொண்டக்டர் எங்கள் பத்திரிகைக் கந்தோர்ப் படியேறி வந்து, நாலாக மடித்த கொப்பித் தாள் ஒன்றை என் மேசையில் வைத்தார். "மரண அறிவித்தல் ஐயா. நாளைப் பேப்பரிலை வரவேணுமாம்," என்றார். இப்படி வரும் அறிவித்தல்களில் எழுத்துப் பிழை பார்ப்பதும் என் வேலைகளில் ஒன்று. சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டுதான் தாளை விரித்தேன். புங்குடுதீவு மடத்துவெளியைச் சேர்ந்த, அரச சேவையில் இளைப்பாறிய இலிகிதர் பரமலிங்கம் என்று எழுதியிருந்தது. பெயரை வாசித்த பிறகும் கொஞ்ச நேரம் பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

பிழை ஒன்று இருந்தது. "இலிகிதர்" என்பதை வெட்டிக் "கணக்கெடுப்பாளர்" என்று எழுதினேன். கந்தோரில் கதிரையில் மட்டும் இருந்து எழுதியவர் அல்ல அவர். கொழும்பிலுள்ள ஒரு திணைக்களத்தின் படிவங்களைத் தோளில் போட்டுக்கொண்டு, சனங்கள் எப்படிச் சீவிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியவர். அவரைத் தெரிந்த உங்களுக்கு இந்தத் திருத்தம் ஏன் முக்கியம் என்று தெரியும். தெரியாதவர்களுக்காக மிகுதியை எழுதுகிறேன்.

ஐம்பத்தாறில் சிங்களம் மட்டுமே அரச மொழி என்று சட்டம் வந்த பிறகு தமிழ் அரச உத்தியோகத்தர் பலர் சிங்களம் படிக்க மறுத்தார்கள். சிலர் வேலையை விட்டார்கள். பரமலிங்கம் படித்தார். ஊரில் அவருக்குச் "சிங்களப் பரமலிங்கம்" என்று பட்டம் வைத்தார்கள். அதைச் சொல்லிக் காட்டியவர்களிடம் அவர் கோபித்ததை நான் காணவில்லை. "அவையோடை சண்டை பிடிக்கிறதெண்டாலும், அவை என்ன சொல்லுகினம் எண்டு விளங்கவேணுமே," என்பார். அவருக்குச் சிங்களம் சொல்லிக் கொடுத்தவர் கந்தோரில் பக்கத்துக் கதிரையில் இருந்த சிங்களவர் பியதாச. பதிலுக்கு இவர் தமிழ் சொல்லிக் கொடுத்தார். அதன் விளைவு, தெற்கே வறண்ட பகுதியில் பிறந்த பியதாச, யாழ்ப்பாணத்தவரைப் போல "ஓம்" என்றும் "ஏலாது" என்றும் பேசினார். கொழும்புத் தமிழர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இருவருக்கும் ஒரு வேலை வந்தது. மிகவும் வறிய கிராமங்களைத் தெரிந்தெடுத்து அங்கே மழைநீர்த் தொட்டி கட்டிக் கொடுப்பது திட்டம். எந்தக் கிராமம் வறியது என்று சொல்ல ஒரு படிவம். அவரவர் பகுதியை அவரவர் எழுதினால் இரங்கி எழுதுவார்கள் என்று மேலிடம் நினைத்தது போலும். தமிழரிடம் சிங்களவரையும், சிங்களவரிடம் தமிழரையும் அனுப்பினார்கள். பியதாச நெடுந்தீவுக்கு வந்தார். பரமலிங்கம் பியதாசவின் ஊர்ப் பக்கம் போனார்.

பியதாசவின் ஊரில் மண்வீடுகள். நெடுந்தீவில் வீட்டுக்கும் வேலிக்கும் பவளப் பாறையான முருகைக்கல். அதைக் கண்ட பியதாச "சுவர்: கல்" என்று எழுதினார். படிவத்தில் கல்லுக்கு மேலே வேறு வகை இல்லை. பரமலிங்கமோ புங்குடுதீவார். அவர் போனது மழை ஓய்ந்த மாதம். தாமரை பூத்து, கரை தொட்டு நின்றது குளம். வாழ்நாள் முழுவதும் உவர்க் கிணற்றை எட்டிப் பார்த்து வளர்ந்தவருக்கு அது போதும். "தண்ணீர்: ஊருக்குள். தாராளம்," என்று எழுதினார். அட்டவணை அச்சாகி வந்தது. இரண்டு இடங்களுமே வசதியான கிராமங்களுக்குள் நின்றன. இரண்டுக்கும் தொட்டி இல்லை.

அந்த அட்டவணை எனக்கும் கிடைத்தது. அவர்களுக்குக் குளம் நிறையத் தண்ணீர், நம் தீவாருக்கு உவர்நீர் என்று முதற்பக்கத்தில் எழுதினேன். அதே கிழமை தெற்கில் ஒரு பத்திரிகை, தீவுத் தமிழர் எல்லாரும் கல்வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதியது. பரமலிங்கம் விடுமுறையில் வந்து இரண்டு நறுக்குகளையும் என் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

"ரெண்டும் ஒரே அட்டவணை. நீர் ஒரு வரியை எடுத்தீர். அவை ஒரு வரியை எடுத்தினம். அத்தனை வரிக்கை பிழையான ரெண்டையும் எப்பிடித் தேடிப் பிடிச்சியள்?"

"பிழையெண்டு ஆர் சொன்னது?"

"எழுதின நான் சொல்லுறன்."

கதிரையை இழுத்து இருந்துகொண்டு நடந்ததைச் சொன்னார். "'நெடுந்தீவாரை என்னெண்டு மச்சான் வசதியான ஆக்களெண்டு எழுதினாய்?' எண்டு பியதாசவிட்டைக் கேட்டன். 'நீ எங்கட ஊரிலை தண்ணி தாராளம் எண்டு எழுதினாய்தானே. கோடையிலை வந்து பார், எங்கட பொம்பிளையள் ஆத்து மணலைத் தோண்டி அள்ளுகினம்' எண்டான். ஒரு கிழமையா ரெண்டு பேரும் கதைக்கேல்லை. பக்கத்துப் பக்கத்துக் கதிரை! பேந்து ஒருநாள் சாப்பிடேக்கை கேட்டான், 'உனக்கு அங்கை குடிக்க என்ன தந்தவை?' எண்டு. செவ்விளநீர் எண்டன். 'உனக்கு?' எண்டு கேட்டன். பால் எண்டான். அவ்வளவுதான். ரெண்டு பேரும் வீடு வீடாத் தண்ணியைப் பற்றிக் கேட்டிருக்கிறம். ஒருத்தனும் அந்த ஊர்த் தண்ணியை வாயிலை வைக்கேல்லை."

விருந்தாளிக்கு நல்லதைக் கொடுத்துக் குறையை மறைப்பதில் இரண்டு சனமும் ஒன்றுதான் என்பது அன்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. திருத்தம் போடச் சொன்னார். "இப்ப உதைப் போட்டால் எங்கட ஆக்களே எங்களை ஏசுவினம்," என்றார் எங்கள் பத்திரிகை ஆசிரியர். எனக்கும் மனமில்லை. அந்தக் கட்டுரைக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. பரமலிங்கம் என்னை ஏசவில்லை. "அடுத்த சனிக்கிழமை பியதாச வாறான். குறிகட்டுவான் துறைக்கு வாரும்," என்று மட்டும் சொன்னார்.

போனேன். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று. வள்ளத்தில் பியதாச இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்க்காமல் பரமலிங்கத்தின் முதுகையே பார்த்தபடி வந்தார். நெடுந்தீவில் இறங்கி, முன்பு அவர் கணக்கெடுத்த அன்னம்மாவின் வீட்டுக்கு நடந்தோம். கணவர் கடலுக்குப் போயிருந்தார். முற்றத்தில் இரண்டு மாடுகள். அன்னம்மா பியதாசவை உடனே அடையாளம் கண்டார். "உந்தத் தம்பி முந்தியும் வந்தவர். இருங்கோ, பால் கொண்டாறன்."

"பால் வேண்டாம் அக்கா," என்றார் பரமலிங்கம். "இவருக்கு ஒரு செம்பு வெறும் தண்ணி தாங்கோ."

"நல்ல தண்ணி முடிஞ்சுது அண்ணை. வெயில் தாழத்தான் அள்ளப் போவன். போய்வர ஒரு மணித்தியாலம் செல்லும்."

"வீட்டுக் கிணத்துத் தண்ணி காணும்."

"உதையோ! உது மாட்டுக்கு. வந்த மனுசனுக்கு உதைக் குடுத்துப்போட்டு நான் இந்தத் தீவிலை இருக்கிறதே?"

"குடுத்தால்தான் அக்கா இருக்கலாம்."

அன்னம்மா எங்களில் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் செம்பை நீட்டினார். பியதாச இரண்டாவது மிடறில் நின்றார். "கடல்," என்றார். பிறகு மறுபடியும் செம்பைத் தூக்கினார்.

"ஐயோ, வையுங்கோ தம்பி! வயித்தாலை போகும்!"

"ஏலாது அக்கா. குடிச்சால்தான் எழுதலாம்."

அந்த "ஏலாது"வைக் கேட்ட அன்னம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இவர் ஆர் அண்ணை, வேலணைத் தீவாரோ?"

செம்பை வைத்துவிட்டுப் பியதாச சுவரைத் தொட்டுக் காட்டி, இதைக் கண்டுதான் வசதி என்று எழுதினேன் என்றார். அன்னம்மா அதற்குச் சொன்ன பதிலை அன்று குறிப்பெடுத்த சொற்களிலேயே தருகிறேன். "பின்னை என்னத்திலை தம்பி கட்டுறது? தோண்டினால் கல்லுத்தான் வருது. மண்வீடு கட்ட எங்களுக்கு மண்ணில்லை." பியதாச நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பனையோலைக்குள்ளால் பல இடங்களில் வானம் தெரிந்தது. முதல் முறை வந்தபோது அவர் நிமிரவில்லை.

திரும்பி வந்த கிழமை திருத்தத்தை எழுதி, ஆசிரியரோடு வாதாடிப் போட்டேன். உள்பக்கத்தில், வள்ளங்கள் புறப்படும் நேரங்களுக்குக் கீழே, நாலு வரி. சின்னதாகப் போய்விட்டது என்று பரமலிங்கத்திடம் குறைப்பட்டேன். "காணும். பிழை விட்டது ஒரு வரியிலைதானே," என்றார்.

அவர்களுடைய திருத்தம் அவ்வளவு மலிவாக முடியவில்லை. பியதாசவும் அவரும் தனித்தனியே, தன் கண் தன்னை ஏமாற்றியது என்று திணைக்களத்துக்கு எழுதிக் கையொப்பம் வைத்தார்கள். இருவரின் சேவைக் கோவையிலும் அது ஏறியது. பின்னர் வந்த பதவி உயர்வுகளில் இருவர் பெயரும் இல்லை. எழுதாமல் விட்டிருக்கலாமே, யாருக்கும் தெரிந்திராதே என்று ஒருமுறை கேட்டேன். "வேறை ஆள் கண்டுபிடிச்சு எழுதினால் அது குற்றம். நானே எழுதினால் அதுவும் கணக்கெடுப்புத்தான்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்யும் விதம் மாறியது. எந்த வீட்டுக்குப் போனாலும் விறாந்தையில் இருக்கமாட்டார். நேரே குசினிக்குப் போய்த் தண்ணீர்ப் பானையைத் திறப்பார். "அண்ணை, குசினிக்கை உங்களுக்கு என்ன வேலை?" என்று பெண்கள் சத்தம் போடுவார்கள். சரசாலையில் ஒரு வீட்டில் அகப்பையோடு துரத்தினார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

தெற்கே அந்தக் கிராமத்துக்குத் தொட்டி முதலில் வந்தது. கோடையில் தன் செலவில் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு தபாலட்டை போட்டார்: "தொட்டித் தண்ணீர் குடித்தேன். நல்லது. பியதாசவின் தாயார் இளநீர் தரவில்லை. நான் கேட்க முன்னமே தண்ணீர் தந்தார்." நெடுந்தீவின் கோவை மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. வேலணைச் சந்தியில் ஒருவர் அவரை மறித்து, "சிங்களவனுக்குத் தொட்டி கட்டிக் குடுத்துப்போட்டு வாறீரோ?" என்று கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஓம். அவைக்குத் தேவை, கட்டினது சரி," என்றார் பரமலிங்கம். "எங்களுக்கும் தேவை, கட்டாதது பிழை. ரெண்டாவதைக் கேக்க வாரும், சேர்ந்து கேப்பம். முதலாவதை ஏன் பறிக்கப் பாக்கிறீர்?" அந்த மனிதர் வரவில்லை. பரமலிங்கம் நெடுந்தீவுத் தொட்டிக்காகத் திணைக்களத்துக்கு மாதம் ஒரு கடிதமாக, இளைப்பாறிய பிறகும், எழுதிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. இடது பக்கம் தீவுகள், வலது பக்கம் பியதாசவின் ஊர். எந்த மாதம் அடுப்பு எரியாது: இங்கே வாடைக் கடலில் வள்ளம் இறங்காத மாதம், அங்கே அறுவடைக்கு முந்திய மாதம். மருத்துவிச்சி எவ்வளவு தூரம். படித்த பிள்ளை எங்கே போனது. அங்கே காணி உண்டு, மழை இல்லை. இங்கே சில வீடுகளுக்குக் கொழும்பிலிருந்து சம்பளம் வரும், பல வீடுகளுக்கு வராது. "உத்தியோகக்காரன்ரை வீட்டைப் பாத்துத் தமிழர் எண்டு எழுதினால், அன்னம்மா ஆர்?" என்று கேட்பார். யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று முடிவு எழுதும்படி எத்தனையோ தரம் வற்புறுத்தினேன். எனக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது. "முடிவை எழுதினால் நீர் மேலை கிடக்கிறதை வாசிக்கமாட்டீர்," என்று கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை மடத்துவெளிக்குப் போனேன். பியதாசவின் தந்தி வந்திருந்தது. வர முடியவில்லை, காலம் சரியில்லை என்று இருந்தது. எல்லாம் முடிந்து ஆட்கள் குறைந்த பிறகு, பரமலிங்கத்தின் மனைவி இராசம்மா தேத்தண்ணி ஊற்ற எழுந்தார். வெறும் தண்ணீர் தரச் சொன்னேன். அவர் நின்று என்னைப் பார்த்தார். "நீங்களும் தொடங்கியாச்சோ? ஊரெல்லாம் போய்ப் பானை திறந்த மனுசன், எங்கட பானையிலை என்ன கிடக்கெண்டு ஒருநாளும் பாக்கேல்லை," என்று சொல்லிச் சிரித்து, சிரிப்பு முடியுமுன்னே அழுதார்.

தண்ணீரைக் கொண்டுவந்தவர் அன்னம்மா. காலை வள்ளத்தில் வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. "குடியுங்கோ ஐயா. எங்கட தண்ணிக்கு இது தேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தொட்டிக்கு அண்ணைதான் கடுதாசி எழுதிறவர். இனி ஆர் எழுதிறது?" என்று கேட்டார்.

கொப்பியை இராசம்மா என்னிடம் தந்திருக்கிறார். ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது கொப்பியை அல்ல. எந்த ஊரைப் பற்றியும், எந்தச் சனத்தைப் பற்றியும், அங்கே ஒரு செம்பு வெறும் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் எழுதுவதில்லை என்ற அந்தப் பழக்கத்தை. அன்று மடத்துவெளியில் குடித்தேன். உவர்த்தது. நெடுந்தீவில் தொட்டி இன்னும் இல்லை. இந்த மாதத்துக் கடிதத்தை நான் எழுதிவிட்டேன்.