குதிக்காலுக்குக் கீழே ஒரு தலையணை

நம் கோயில் பங்கில் என்னைத் தெரிந்தவர்களுக்கு என் கால் பட்ட பாடும் தெரியும். மாதா எனக்குச் செய்த உதவியை உங்கள் முன் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் இது முழுக்க மகிழ்ச்சியான சாட்சி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2009 பெப்ரவரியில் லண்டனில் கொட்டிய பனி உங்களுக்கு நினைவிருக்கும். பஸ் ஓடவில்லை, வேலையும் இல்லை. நானும் அன்ரனும் மன்னாரில் ஒரே பங்கு, ஜெர்மனியில் ஒரே அறை, லண்டனிலும் சேர்ந்தே வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறோம். குளிர் நாடுகளில் பனிக்குள் கரப்பந்து ஆடுகிறார்கள் என்று ஜெர்மனியில் கேள்விப்பட்டிருந்தோம். அன்று அந்தப் பைத்தியம் எங்களையும் பிடித்துக்கொண்டது. ஸ்ட்ரெதத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் இரண்டு மரங்களுக்கு நடுவே வலையைக் கட்டினோம். வழுக்காமல் இருக்க, அடியில் ஆணி வைத்த கால்பந்துச் சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டோம். அதுவே வினையாகிவிட்டது. நான் எழும்பி அடித்துவிட்டு இறங்கும்போது அன்ரன் வலைக்குக் கீழால் வந்து என்னில் மோதினான். என் சப்பாத்து உறைந்த நிலத்தில் குத்திக்கொண்டு நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது.

மூட்டுக்குள் இருக்கும் தசைநார் அறுந்துவிட்டது என்றார்கள். ஏப்ரலில் ஒப்பரேசன் நடந்தது. முழங்கால் சில்லுக்குக் கீழே இருந்து ஒரு நாரை எடுத்து உள்ளே வைத்துத் தைத்தார்கள். நல்லபடி முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஆட்களின் அன்பு உங்களுக்குத் தெரியும்தானே. நோயாளியை அசைய விடாமல் பார்ப்பதுதான் அவர்களுக்குக் கவனிப்பு. என் மனைவி ரெஜினா முழங்காலுக்குக் கீழே மெத்தென்ற தலையணை ஒன்றை வைத்தாள். கோழிச் சூப்போடு வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டுப் போனார்கள். "எழும்பாதேங்கோ அண்ணை" என்பதே எல்லோர் வாயிலும். எனக்கும் அது சுகமாக இருந்தது. அப்படியே கிடந்தேன், அப்படியே தூங்கினேன்.

ஆஸ்பத்திரியில் பிசியோ என்ற மூட்டுப் பயிற்சி தரும் வெள்ளைக்காரப் பெண் என் காலைத் தொட்டுப் பார்த்தாள். நீட்டச் சொன்னாள், கால் நீளவில்லை. முழங்காலுக்கும் கட்டிலுக்கும் இடையில் அவள் கையே புகுந்து வெளியே வந்தது. எனக்குச் சுகமான அந்த நிலைதான் காலைக் கெடுக்கிறது, மடித்தபடி வைத்திருந்தால் தழும்பு உள்ளே அப்படியே இறுகிவிடும் என்றாள். இன்னும் சில வாரங்களுக்குள் நேராகாவிட்டால் மறுபடி கத்தி வைக்க வேண்டும், அதன் பிறகும் நொண்டாமல் நடப்பேன் என்று உறுதி சொல்ல முடியாது என்றாள். தலையணையை முழங்காலின் கீழிருந்து எடுத்துக் குதிக்காலுக்குக் கீழே வைக்கச் சொன்னாள். முழங்கால் அந்தரத்தில் கிடந்து தன் பாரத்திலேயே தாழ வேண்டும்.

கேட்க இலேசாக இருக்கிறது. செய்து பார்த்தால் உயிர் போகும் வலி. முதல் நாளே தலையணையைச் சுவரில் எறிந்தேன். காலே சரியில்லாதவன் எப்படி டைல்ஸ் பதிப்பது? இரண்டு பிள்ளைகளை எப்படி வளர்ப்பது? அறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அது மே மாதம். வீட்டு டிவியில் வன்னி யுத்தச் செய்தி ஓடிக்கொண்டே இருந்தது. அன்ரனின் தங்கை ஜெசிந்தா வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். அவளிடமிருந்து தொலைபேசி வந்து பல வாரங்கள். அங்கே சனம் சாகும்போது ஒரு முழங்காலுக்காக எப்படி மன்றாடுவது? வெட்கமாக இருந்தது. செபிக்க வாய் வரவில்லை.

மாதாவின் மாதம் என்பதால் வீடு வீடாகச் செபமாலை நடந்தது. எங்கள் வீட்டு முறை வந்த மாலை, பாராளுமன்றத்துக்கு முன்னால் நடந்த போராட்டத்தில் நின்றுவிட்டு அன்ரன் நேரே வந்தான். தொண்டை கட்டியிருந்தது. சோபாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, என் காலைத் தூக்கி, குதிக்காலுக்குக் கீழே தலையணையை வைத்தான்.

"செபமாலை முடியும்வரைக்கும் வைச்சிரு மச்சான்."

"உன்ர தங்கச்சிக்காகச் சொல்லு. என்ர காலை விடு" என்றேன்.

"ரெண்டையும் சேர்த்துத்தான் கேக்கிறன். ஒண்டையாவது தரட்டும்."

அன்று ஐந்து தேவ இரகசியங்களில் இரண்டாவதிலேயே காலை எடுத்துவிட்டேன். அவன் தலையணையை ஓரமாக எடுத்து வைத்தான். மறுநாளும் வந்தான், அதற்கடுத்த நாளும் வந்தான். கடிகாரம் பார்த்துத் தாங்க முடியாத வலியைச் செபமாலை மணிகளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கப் பழகினேன்.

யுத்தம் முடிந்தது என்று செய்தி வந்த மாலையும் வந்தான். துக்க தேவ இரகசியங்களைச் சொல்லிக்கொண்டு போனவனின் குரல் மூன்றாவதில் நின்றுவிட்டது. மிச்சத்தை நான் சொன்னேன். அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முடித்த பிறகுதான் காலைக் கவனித்தேன். அது நேராகக் கிடந்தது. எப்போது வலி விட்டதென்றே தெரியவில்லை.

அடுத்த முறை பிசியோப் பெண் கையை நுழைக்கப் பார்த்தாள், இடம் இருக்கவில்லை. இனிக் கத்தி வேண்டாம் என்றாள். என்ன செய்தீர்கள் என்று கேட்டாள், சொன்னேன். அப்படியானால் அதை நிறுத்த வேண்டாம் என்றாள்.

இன்னொன்று இருந்தது. நான் நடந்தால் ஜூலையில் மாதா கோயில் யாத்திரையில் வாசலிலிருந்து பீடம்வரை நானே முழந்தாளில் வருவதாக ரெஜினா எனக்காக நேர்ந்திருந்தாள். இதைக் கேட்ட பிசியோப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். நார் எடுத்த இடத்தை நிலத்தில் ஊன்றவே கூடாதாம். மாதாவுக்குச் சொன்ன சொல் தவறிவிடுமே என்று ரெஜினா அழுதாள்.

யாத்திரை அன்று அன்ரன் வாசலில் காற்சட்டையைச் சுருட்டிவிட்டு முழந்தாளிட்டான்.

"உன்ர நேர்த்தியை நான் முடிக்கிறன். நீ பக்கத்தில நடந்து வா."

நடந்தேன். என் சொந்தக் காலில், நொண்டாமல். அவன் முழங்கால்கள் உரசி இரத்தம் கசிந்தது. அவன் கேட்ட இரண்டில் எனக்குரியது மட்டும் கிடைத்திருந்தது. மாதாவோடு கோபம் இல்லையா என்று திரும்பும்போது கேட்டேன்.

"கோவம்தான். அதுக்காக வராமல் விடுறதே?"

இப்போது மறுபடியும் குளிர்காலம். நான் இனிப் பந்து விளையாட மாட்டேன். சுவர்களுக்கு நான் டைல்ஸ் ஒட்டுகிறேன், தரையை அன்ரன் பார்க்கிறான். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவன் நான். இப்போது செபமாலை சொல்லாமல் என் வீட்டில் ஒரு மாலையும் போவதில்லை. ஜெசிந்தாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

உங்கள் வேண்டுதல் சின்னது என்று வெட்கப்பட்டு வாயை மூடாதீர்கள். பெரியது என்று பயந்தும் விடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். என் கால் நேராகிப் பல மாதமாகிறது. ஆனாலும் மாலையில் அன்ரன் வந்தால் குதிக்காலுக்குக் கீழே அந்தத் தலையணையை வைக்கிறேன். அவன் கேட்ட மற்றதும் கிடைக்கும்வரை அதை எடுக்கப் போவதில்லை. நீங்களும் இன்று உங்கள் வீட்டுச் செபமாலையில் ஜெசிந்தா என்ற பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.