ஏரிக்கரை மண்ணும் சித்தப்பாவின் மூச்சும்

சித்தப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முகம் இல்லை, அந்தக் கடைசி நாட்களின் மூச்சு. சில தடவை ஆழமாக இழுப்பார், மெல்ல மெல்லக் குறையும், பிறகு ஒன்றுமே இருக்காது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி கொண்டையை அவிழ்த்து ஒப்பாரியை எடுப்பாள். மற்றவர்கள் சேர்ந்துகொள்ளும் நேரம் பார்த்து மார்பு மறுபடி ஏறும். பாட்டு பாதியில் நிற்கும். அவிழ்த்த கொண்டையைத் திரும்ப முடிந்துகொள்வார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பக்கத்தில் சித்தி இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். அங்கேதான் அவரைச் சேர்த்திருந்தோம். மூளையின் மேல் பகுதி முழுக்க ரத்தக் கசிவு. இனிமேல் விழிக்க மாட்டார், மூச்சுக்காகப் போட்ட குழாயை எடுத்தால் சில மணி நேரம் தாங்கலாம் என்று டாக்டர் சொன்னார். வெளியில் செத்தவரை எங்கள் பக்கம் வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். அதனால் உயிர் இருக்கும்போதே கச்சிராயபாளையம் ரோடு வழியாக மலையடிவாரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதற்குள் யாரோ அவசரக்காரர்கள் சாவுச் செய்தியே சொல்லிவிட்டார்கள். திருக்கோவிலூரிலிருந்தும் எலவனாசூர்கோட்டையிலிருந்தும் மாலையோடு வந்து இறங்கிய சொந்தங்கள், மூச்சு விடுகிற ஆளைப் பார்த்து மாலையைக் கொல்லைப்பக்கம் ஒளித்து வைத்தார்கள். மேளக்காரர்கள் புளியமரத்தடியில் சீட்டாடினார்கள். நாள் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு இதில் அதிசயம் எதுவும் இல்லை. பிடரிக்கு மேலே, மூளை தண்டுவடத்தோடு சேருகிற இடத்தில், கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு தண்டு இருக்கிறது. அதன் அடிப்பகுதிக்கு முகுளம் என்று பெயர். ரத்தத்தில் கரியமிலவாயு ஏறினால் அது மோப்பம் பிடித்து, இழு என்று மார்புக்கு உத்தரவு போடும். தூங்கினாலும் போடும், நினைவு தப்பினாலும் போடும். மேலே வீடே இடிந்து கிடந்தாலும் கீழே மோட்டார் ஓடுகிற மாதிரி. சித்தப்பாவுக்கு அந்த மோட்டாரும் தடுமாறிக்கொண்டிருந்தது. வாயு போதுமான அளவு ஏறும்வரை உத்தரவு வராது, வந்தால் ஒரேயடியாக வரும். நின்று நின்று இழுத்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

சொந்தங்களுக்கு அது போதவில்லை. ஏதோ ஆசை உயிரைப் பிடித்துவைத்திருக்கிறது என்றார்கள். எந்த ஆசை என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாகம் பிரித்தபோது ஏரிக்கரை நிலத்தை என் அப்பா தன் பங்கில் சேர்த்துக்கொண்டார். அன்று முதல் அண்ணன் தம்பிக்குப் பேச்சு வார்த்தை இல்லை. தம்பி சாகக் கிடந்தபோதும் அப்பா தெருவிலேயே நின்றார், வாசற்படி ஏறவில்லை.

"அந்த ஏரிக்கரக் கொல்லி மண்ணக் கொஞ்சம் கரைச்சி வாயில ஊத்துங்க. அண்ணன் மேல இருக்கிற கோவத்துலதான் உசுரு போவாம கெடக்குது" என்றார் சித்தியின் அண்ணன், தெருவரைக்கும் கேட்கிற குரலில். அப்பா ஏரிப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது அவர் துண்டில் ஈர மண் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து அந்த வீட்டுக்குள் அப்படித்தான் நுழைந்தார்.

மண்ணைச் சொம்பில் கரைத்துவிட்டார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். இப்போது எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள்தான் போகும், மூச்சுத் திணறித்தான் சாவார் என்றேன். பெரிய படிப்புக்காரி வந்துட்டா என்று யாரோ முனகினார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சித்தி மட்டும் என் கையைப் பிடித்து, "இன்னாம்மா சொல்ற நீ? நெசமாவே அவுருக்கு ஒண்ணும் தெரியலியா?" என்று கேட்டாள்.

"தெரியல சித்தி. மூச்சு தானா ஓடுது. அவர் ஓட்டல."

"அப்ப யாரு மேலயும் கோவம் இல்ல?"

"இல்ல."

சித்தி சொம்பை வாங்கி முற்றத்தில் கொட்டினாள். துண்டில் மிச்சமிருந்த மண்ணை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மூடவில்லை. மறுநாள் காலை ஒரு தடவை நின்ற மூச்சு பிறகு வரவில்லை. மண் வேலை செய்துவிட்டது என்றார்கள்.

ஏரிக்கரை நிலத்தில் இப்போது சித்திதான் மரவள்ளி போடுகிறாள். காரியம் முடிந்த கையோடு அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். பாவம், தம்பி கோபத்தோடு போய்விட்டான் என்ற எண்ணம் அவரை அரித்துக்கொண்டே இருக்கிறது என்று நினைத்து, முகுளத்தைப் பற்றி ஒரு நாள் அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். அந்தக் கடைசி நாட்களில் சித்தப்பாவுக்கு யாரையும் தெரியாது, நீங்கள் உள்ளே வந்ததும் தெரியாது, கோபமும் கிடையாது என்றேன். மனசு ஆறும் என்றுதான் சொன்னேன்.



"கோவமாச்சும் இருந்திருக்கலாம்மா" என்றார் அப்பா.