கோரலி இடம் பார்த்து வைத்த சார்ஜிங் ஸ்டாண்டு

நான்காவது கேம் கன்ட்ரோலரையும் மல்லாத்தி, அதன் அடிவயிற்றில் புறங்கையை வைத்துப் பார்த்தாள் கோரலி. குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரிதான். சூடு இல்லை. நான்கிலும் பச்சை விளக்கு, முழு சார்ஜ். 'பரவாயில்லையே, இந்தப் பசங்களுக்கும் கொஞ்சம் பொறுப்பு வந்திருக்கு, எனக்கு முன்னாடியே வந்து சார்ஜ் போட்டிருக்காங்க' என்று நினைத்துக்கொண்டாள். வெளியே காற்று ஷெட்டின் தகரத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. காலை பத்து மணிகூட ஆகவில்லை, அதற்குள் முப்பத்தெட்டு டிகிரி.

தாரவில்கா என்ற சின்ன ஊரின் தன்னார்வத் தீயணைப்பு ஷெட்டில் அன்று எல்லோரும் எட்டு மணியிலிருந்தே காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை. மாவட்டம் முழுக்கத் தீத்தடை. வெளியில் ஒருவரும் இறைச்சி சுடக்கூடாது, புல் வெட்டக்கூடாது, வெல்டிங் வைக்கக்கூடாது. எங்காவது பற்றிக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே, எத்தனை மணிக்கு என்பதுதான் பாக்கி. அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அது மனிதனைத் தின்றுவிடும். அதற்காகத்தான் குழுவில் ஒருவனான ஜாரட் தன் வீட்டு கேம் பெட்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தான். நகத்தைக் கடிப்பதற்குப் பதில் கார் ஓட்டலாம் என்பது அவன் கட்சி.

கோரலிக்கு அறுபத்து மூன்று வயது. பிழைப்பும் ஒயர்தான். பழைய வெள்ளை வேனில் ஒரு சோதனைப் பெட்டியும், வண்ண வண்ண டேக் சுருள்களும் வைத்துக்கொண்டு கடை, பள்ளிக்கூடம், பந்து கிளப் என்று போவாள். பிளக் உள்ள ஒவ்வொரு சாமானையும் சோதித்து, தேதி எழுதிய டேக்கை அதன் கழுத்தில் கட்டிவிட்டு வருவாள். டேக் இல்லாத ஒயரைக் கண்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. போன கிறிஸ்துமஸ் விருந்தில் தங்கை வீட்டு மேஜைவிளக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டே பன்றிக்கறி சாப்பிட்டாள். தங்கை மூன்று மாதம் பேசவில்லை. கோரலி அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

யாராவது "எல்லாம் சரியா இருக்கு" என்று சொன்னால் அவளிடமிருந்து உடனே ஒரு கேள்வி வரும். "கண்ணால பார்த்தேன்னு சொல்லாத. தொட்டுப் பார்த்தியா?" கண்ணை ஏமாற்றலாம், கையை ஏமாற்ற முடியாது என்று உறுதியாக நம்புகிறவள். ஷெட்டின் சாமான் பொறுப்பு பதினோரு வருஷமாக அவளிடம்தான் இருக்கிறது. சுவிட்ச் மகாராணி என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். ஜாரட் மட்டும் நேராகவே சொல்வான். அவளுக்கும் அது பிடிக்கும், காட்டிக்கொள்ள மாட்டாள்.

அந்த நான்கு கன்ட்ரோலர்களுக்கும் ஒழுங்கான சார்ஜிங் ஏற்பாடு செய்ய அவள் ஆறு வாரம் எடுத்துக்கொண்டாள். ஒரு கல்யாணத்துக்கே அவ்வளவு நாள் ஆகாது.

முதலில் ஜாரட் தன் போன் சார்ஜரைச் செருகினான். "வேகமா ஏறும் கோரலி, அரை மணியில ஃபுல்லாயிடும்."

"அரை மணியில ஃபுல்லாகுதா, இல்ல பொசுங்குதா? அதுக்குள்ள இருக்கிற பேட்டரி என்ன கேக்குதோ அதைத்தான் குடுக்கணும். உன் அவசரத்துக்கு அது என்ன செய்யும்? கழட்டு."

பிறகு கேம் பெட்டியிலிருந்தே கேபிள் இழுத்தார்கள். அது பத்திரம்தான், அவளும் ஒப்புக்கொண்டாள். ஆனால் அழைப்பு வந்தால் நாலு பேர் பூட்ஸோடு ஓடுகிற வழியில் நாலு கேபிள் கிடந்தால் யாராவது பல்லை உடைத்துக்கொள்வார்கள். அதுவும் போச்சு. பிரான்டே சோபா இடுக்கில் வைத்து சார்ஜ் போட்டதை ஒருநாள் கோரலி பார்த்துவிட்டாள். பிரான்டே கால்நடை மருத்துவமனையில் நர்ஸ். முரட்டுக் காளைக்கே ஊசி போடுகிற பெண்ணுக்கு அன்று கோரலியிடம் வாங்கிய திட்டில் கண் கலங்கிவிட்டது. "பஞ்சு மெத்தைக்குள்ள பேட்டரியைச் சுருட்டி வெச்சிருக்கியே கண்ணு, சூடு எங்க போகும்? நாம தீயை அணைக்கிறவங்களா, மூட்டுறவங்களா?"

யாரோ ஆன்லைனில் வாங்கிய மலிவு ஸ்டாண்டு இருபது நிமிஷத்தில் பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. கோரலி அதை இடுக்கியால் தூக்கிக்கொண்டுபோய் மணல் வாளியில் போட்டாள். கழற்றிப் போடுகிற பேட்டரி யோசனையும் வந்தது. இந்தக் கன்ட்ரோலரில் அதற்கு இடமே இல்லை. கடைசியில் அவளே நகரத்துக்குப் போய், அரசாங்கத்தின் பாதுகாப்பு டிக் குறி உள்ள, நிறைந்ததும் தானாக நிறுத்திக்கொள்கிற ஸ்டாண்டாகப் பார்த்து வாங்கிவந்தாள். கன்ட்ரோலரை அதில் உட்கார வைத்தால் போதும், கேபிளே வேண்டாம். மூன்று நாள் தன் வீட்டில் வைத்துச் சோதித்து, டேக் கட்டிவிட்டுத்தான் ஷெட்டுக்குள் விட்டாள்.

அடுத்தது இடம். மேலே துணி கூடாது, கீழே மரம் கூடாது, பக்கத்தில் யூனிபார்ம் தொங்கக்கூடாது, தலைக்கு மேலே புகை அலாரம் இருக்க வேண்டும், அவசரமென்றால் வெளியே தூக்கியெறியக் கதவு அருகில் இருக்க வேண்டும். இத்தனைக்கும் பொருந்தியது ஷெட்டில் ஒரே இடம்தான். கதவோரத்து இரும்பு மேஜை. அங்கே ஏற்கெனவே வாக்கிடாக்கிகளின் சார்ஜர் இருந்தது. சுவரில் ஒரே பலகையில் இரண்டு பிளக், இரண்டு சுவிட்ச். இடது வாக்கிடாக்கிக்கு. வலது காலியாகக் கிடந்தது. அதில் ஸ்டாண்டைச் செருகி, வாக்கிடாக்கி சார்ஜருக்கு முன்னால் நிறுத்திவைத்தாள். ஆள் இல்லாதபோது ஸ்டாண்டு ஓடக்கூடாது, கடைசியாகப் போகிறவர் அணைக்க வேண்டும் என்று சட்டமும் போட்டாள். அடுத்தவர் அணைப்பதை நம்பாததால், கடைசியாகப் போகிறவள் எப்போதும் அவளேதான்.

காலைச் சோதனைத் தாளில் ஹோஸ், பம்ப், முதலுதவி, வாக்கிடாக்கி மூன்று, எல்லாவற்றுக்கும் நேராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தேநீர்க் குவளையோடு உட்கார்ந்தாள்.

ஒன்று பத்துக்கு அழைப்பு வந்தது. கன்ட்ரோலர்கள் சோபாவில் விழுந்தன. கேப்டன் நெவில், டிரைவர், பிரான்டே, ஜாரட், நாலு பேரும் இரண்டு நிமிஷத்தில் தீயணைப்பு டாங்கரில் இருந்தார்கள். இரண்டு வாக்கிடாக்கிகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது ஜாரட்தான். "சுவிட்ச் மகாராணி, என் ஆட்டத்தை யாரும் தொடாம பார்த்துக்குங்க, நான்தான் முன்னால போறேன்!" என்று கத்திக்கொண்டே ஏறினான். கோரலிக்கு முழங்கால் மூட்டு மாற்றி ஒரு வருஷம்தான் ஆகிறது. அவள் வேலை ஷெட்டின் ரேடியோ.

தீ கிழக்கே புல்வெளியில் பிடித்து, காற்றோடு பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. பள்ளத்தின் அடியில் ஐவர் என்ற கிழவரின் குடிசை. போன் எடுக்கவில்லை. டாங்கர் அளவு பெரிய வண்டி இறங்காத பாதை. நெவில் பிரான்டேயையும் ஜாரட்டையும் ஒரு வாக்கிடாக்கியோடு நடந்துபோய்ப் பார்த்துவரச் சொன்னார். மூன்று மணிக்குத்தான் காற்று திசை மாறித் தெற்கிலிருந்து அடிக்கும், அதற்குள் திரும்பிவிடலாம் என்பது கணக்கு.

இரண்டு பதினெட்டுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை பேசியது. தெற்குக் காற்று முந்திக்கொண்டது. இன்னும் கால் மணியில் அங்கே திரும்பும். திரும்பினால் தீயின் பக்கவாட்டு முழுக்க முன்னேறுகிற முகமாக மாறிப் பள்ளத்துக்குள் இறங்கிவிடும்.

"பிரான்டே, ஜாரட், உடனே மேல வாங்க. எதையும் பார்க்காதீங்க. வாங்க." நெவில் வண்டி ரேடியோவில் கூப்பிடுவதைக் கோரலி கேட்டாள். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். இல்லை. பிறகு அவர் கோரலியிடம் சொன்னார்: "அந்தப் பள்ளத்துல எப்பவும் இப்படித்தான். நம்ம பேச்சு அவங்களுக்குக் கேட்கும், அவங்க பேச்சு நமக்கு வராது. வந்துக்கிட்டிருப்பாங்க. நான் வண்டியைக் கீழ் கேட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிக்கிறேன். வேலியோரமா வந்தா அதுதான் பக்கம். பக்கத்து ஊர் வண்டி வருது, மூணாவது வாக்கிடாக்கியை எடுத்து வைங்க."

கோரலி எழுந்து இரும்பு மேஜைக்குப் போனாள். ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு, பின்னாலிருந்த வாக்கிடாக்கியை எடுத்து அழுத்தினாள். திரை ஒருமுறை மினுங்கிவிட்டுச் செத்தது. மறுபடி அழுத்தினாள். ஒன்றுமில்லை. சார்ஜரைத் தொட்டாள். ஜில்லென்று கிடந்தது. குனிந்து சுவரைப் பார்த்தாள். வலது சுவிட்ச் கீழே, போட்டபடி இருந்தது. இடது சுவிட்ச் மேலே, அணைத்தபடி இருந்தது.

நேற்று சாயங்காலப் பயிற்சி முடிந்து, வாக்கிடாக்கிகளெல்லாம் உழைத்துக் களைத்து சார்ஜரில் உட்கார்ந்த பிறகு, கடைசியாகக் கிளம்பியது அவள்தான். ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமலே, தடவி அழுத்திவிட்டுப் போனாள். காலையில் பச்சை விளக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாளே, யாரும் வந்து சார்ஜ் போடவில்லை. அந்த விளையாட்டுச் சாமான் விடிய விடியச் சார்ஜ் ஏறியிருக்கிறது. வாக்கிடாக்கி பட்டினி கிடந்திருக்கிறது. ஐயோ, அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. பள்ளத்துக்குள் ஐவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நெவில் வண்டியை வேறு பக்கம் எடுத்துக்கொண்டு போகிறார்.

மைக்கைப் பிடுங்கினாள். "நெவில், ஷெட் பேசுது. வண்டியை நிறுத்துங்க. அவங்களுக்குக் கேட்கல. வாக்கிடாக்கி செத்திருக்கும்."

"கேட்டிருக்கும் கோரலி. பதறாதீங்க."

"கேட்டிருக்காது!"

"ஃபுல் சார்ஜ்னு உங்க கையெழுத்து இருக்கு. நான் பார்த்துட்டுத்தான் கிளம்பினேன். இப்ப மேலேயே நின்னு, அவங்க கேட்டுக்கு வந்துட்டா யார் பார்க்கிறது? எனக்கு எது நிச்சயமோ அதைத்தானே செய்ய முடியும்?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பதினோரு வருஷமாக அந்தக் கையெழுத்தை அவர் ஒருமுறைகூடச் சந்தேகப்பட்டதில்லை. வண்டி கியர் மாறுகிற சத்தம் மைக்கில் கேட்டது.

தாரவில்காவில் இந்த மாதிரி நாளில் பாதி வீடுகளில், தீயணைப்பு ரேடியோவை ஒட்டுக்கேட்கிற ஸ்கேனர் ஓடும். சமையலறை மேடையில், மதுக்கடை கவுன்டரில், பெட்ரோல் பங்கில். அவள் வருஷத்துக்கு ஒருமுறை போய் டேக் கட்டுகிற அத்தனை இடத்திலும் இந்த அலைவரிசையைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மைக்கை மறுபடி அழுத்தினாள்.

"நெவில், கேளுங்க. நான் பார்க்காம கையெழுத்துப் போட்டேன். நேத்து சாயங்காலம் வாக்கிடாக்கி சுவிட்சை அணைச்சது நான்தான். கேம் ஸ்டாண்டுன்னு நெனச்சு இதை அணைச்சிட்டேன். ராத்திரி முழுக்க சார்ஜே ஏறல. மூணாவது என் கையில செத்துக் கிடக்கு. அவங்களுக்கு நீங்க கூப்பிட்டது தெரியாது. ஹாரனை அடிங்க. தயவுசெஞ்சு ஹாரனை அடிங்க."

அப்புறம் பிரேக் கிறீச்சிட்டது. "வண்டியைத் திருப்பு" என்று நெவில் டிரைவரிடம் கத்தியது கேட்டது. அதற்குப் பிறகு ஹாரன். இழுத்து ஒன்று, இழுத்து இன்னொன்று, விடாமல். எல்லாவற்றையும் போட்டுவிட்டு வண்டிக்கு ஓடிவா என்பதற்கு அதுதான் அடையாளம். நெவில் பேச அழுத்தும்போதெல்லாம் அது ரேடியோவில் கேட்டது.

இரண்டு முப்பத்தொன்று. ஷெட்டின் தகரக் கூரையில் காற்று சட்டென்று நின்றது. கோரலி தலையைத் தூக்கினாள். அடுத்த நிமிஷம் தெற்குப் பக்கக் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. இங்கே திரும்பிவிட்டது. அங்கேயும் திரும்பிக்கொண்டிருக்கும்.

"யாரும் தெரியலையா நெவில்?"

"புகை. ஒண்ணும் தெரியல."

"இன்னும் எவ்வளவு நேரம் நிக்க முடியும்?"

"கேட்காதீங்க."

ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு முப்பத்து நாலு. இரண்டு முப்பத்தைந்து. கட்டுப்பாட்டு அறை டாங்கரை விலகச் சொன்னது. நெவில் கேட்காத மாதிரி இருந்தார். மறுபடி சொன்னது. "ஒரு நிமிஷம்" என்றார், மைக்கை விட மறந்துவிட்டார். கோரலி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் சாமி கும்பிடுகிற ரகம் இல்லை. யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலே, அந்தப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளாதே, எடுத்துக்கொள்ளாதே என்று கேட்டாள்.

ஹாரன் நின்றது. கதவு அறைகிற சத்தம். யாரோ இருமினார்கள், நெஞ்சு கிழிகிற மாதிரி. வண்டி பாய்ந்தது. பள்ளம் மேடெல்லாம் மைக்கில் குலுங்கின. வெகுநேரம் அந்த எஞ்சின் உறுமல்தான்.

பிறகு பிரான்டேயின் குரல். "ஷெட், நாங்க வண்டியில இருக்கோம். ஏற்கெனவே எரிஞ்சு கரிஞ்ச தரைக்கு வந்துட்டோம், இனி இங்க பிடிக்காது. குடிசை தூரத்துல தெரிஞ்சுது, ஐவர் கார் அங்க இல்ல, முன்னாடியே போயிட்டாரு. ஜாரட்டுக்குக் காது சுட்டுப்போச்சு. வேற ஒண்ணுமில்ல." ஒரு இருமல். "ஹாரன் கேட்குறப்போ நாங்க இன்னும் கீழதான் இறங்கிக்கிட்டிருந்தோம், கோரலி."

கேட்டேன் என்று சொல்வதற்காகக் கோரலி மைக்கை அழுத்தினாள். அழுத்தியபடியே நின்றாள். விரலை எடுத்தால்தான் மற்றவர் யாரும் பேச முடியும். அதை ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அலைவரிசை முழுக்க அவளுடைய மூச்சுதான் போய்க்கொண்டிருந்தது, சமையலறைகளுக்கும் மதுக்கடைக்கும் பெட்ரோல் பங்குக்கும். கட்டைவிரல் மட்டும் எழும்ப மறுத்தது. கடைசியில் அவள் இடது கையைக் கொண்டுவந்து, அந்த விரலைப் பிடித்து, மைக்கிலிருந்து பிரித்து எடுத்தாள்.