பாக்கி நோன்பு

அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் கமர் ஜான், வியாழக்கிழமை மதியங்களில் தெருப் பெண்களைத் தன் வீட்டில் கூட்டி, டீ போட்டுக் கொடுத்து மார்க்க விஷயங்கள் சொல்வாள். ரமலான் நெருங்கினால் ஒரே பேச்சுதான்: போன வருடம் மாதவிலக்கில் விட்ட நோன்புகளை வைத்து முடித்துவிடுங்கள்.

இந்த வருடம், புதிதாகக் கல்யாணமாகி வந்த தபஸ்ஸும் வெகுளியாகக் கேட்டாள். "நீங்க முடிச்சிட்டீங்களாக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கமர் ஜானுக்கு வாய் வரவில்லை. "இல்லம்மா. எட்டு வருசத்து நோன்பு அப்படியே நிக்குது. அடுப்புகிட்ட தண்ணி குடிக்காம நிக்க முடியாதுன்னு தள்ளிக்கிட்டே வந்துட்டேன்."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "இனிமே நான் எதுவும் சொல்லலைங்க. எனக்கென்ன தகுதி இருக்குது?"

"நீங்க சொல்லித்தான் நான் ஆறு நோன்பையும் வெச்சு முடிச்சேன்," என்றாள் பக்கத்து வீட்டுப் பர்வீன். "சொல்றத நிறுத்தாதீங்க, நீங்களும் ஆரம்பிங்க. திங்கக்கிழமை உங்களோட நானும் வெக்கிறேன்."

திங்களன்று கமர் ஜான் நோன்பு வைத்தாள். மாவை ருசி பார்க்காமல் பஜ்ஜி போட்டதில், உப்பில்லை என்று இரண்டு பேர் குறை சொன்னார்கள். மூன்று மணிக்கு நாக்கு வறண்டு, பார்வை தண்ணீர்க் குடத்தின் பக்கமே போயிற்று. அந்தி நேர மக்ரிப் பாங்குக்குச் சற்று முன்னால் பர்வீனும் தபஸ்ஸுமும் பேரீச்சம்பழத்தோடு கடைக்கு வந்தார்கள்.

பாங்கு கேட்டதும் பழத்தைத் தின்று, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தாள் கமர் ஜான்.

"ஒண்ணு முடிஞ்சிது. அடுத்தது வியாழக்கிழமை," என்றாள். "அன்னிக்கு வர்றவங்களுக்கு டீ கிடையாதுங்க, இப்பவே சொல்லிட்டேன்."