ஸ்டெல்லாவின் நான்கு அரியர்

போன மாசியில் நம் மேல்பட்டாம்பாக்கம் சபையில் எழுந்து நின்று, என் மகள் ஸ்டெல்லா எல்லாப் பேப்பரிலும் பாஸ் என்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன். நீங்களும் கைதட்டினீர்கள். அது உண்மையல்ல. நான்கு பேப்பரில் அவள் பெயில்.

நான் எட்டாவது வரை படித்தவன். போர்வெல் லாரியோடு ஆந்திரா, கர்நாடகா என்று சுற்றியவன். பத்து நாள் ஓரிடத்தில் இருந்தால் கால் பரபரக்கும். தாயில்லாத பிள்ளை சிதம்பரத்தில் பல்கலைக்கழக ஹாஸ்டலில் இருந்தாள். போனில் பாஸ் என்றாள். நம்பினேன்.

சித்திரையில் பண்ருட்டியில் ஒரு பலாப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். ஹாஸ்டல் வாசலில் அவளுடைய அறைத்தோழிதான் வந்தாள்.

"அவ கிளாஸுக்கு வந்தாதானே அங்கிள்? பொழுதன்னிக்கும் ரீல்ஸுதான். நாலு அரியர் வச்சிருக்கா. படிப்பையே விட்டுடப் போறேங்கறா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

மகளின் போனைப் பிடுங்கித் தரையில் அடிக்க நினைத்தேன். அடித்தால் இன்னொரு பொய் சொல்வாள். நான் மறுநாள் கர்னூலில் இருப்பேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "ஆண்டவரே, அவள் வாயாலேயே உண்மை வரட்டும்" என்று ஜெபித்தேன். வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை.

ஸ்டெல்லா வந்தாள். கண் போனில்தான்.

"சர்ச்சுல எழுந்து சொல்லிட்டேம்மா, நீ பாஸுன்னு. எல்லாரும் கைதட்டுனாங்க."

"அதெல்லாம் யாருப்பா சொல்லச் சொன்னது?"

"சந்தோசத்த வேற யாருகிட்ட சொல்றது? லாரிகிட்டயா?"

சிரிக்க வந்தவள் அழுதுவிட்டாள். பிறகு அந்தப் போனிலேயே ரிசல்ட்டைத் திறந்தாள். எனக்கு இங்கிலீஷ் வராது. ஒவ்வொரு பேப்பராகப் படித்துக் காட்டினாள். நான்கு இடத்தில் குரல் இறங்கியது. நான் திட்டவில்லை.

அன்றே போனை வார்டனிடம் கொடுத்தாள். ஞாயிறு மட்டும் வாங்கிக்கொள்கிறாள். நானும் லாரியை விட்டுவிட்டு, கடலூரில் மோட்டார் பம்பு பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்தேன். முதல் மாதம் இருப்புக் கொள்ளவில்லை. இப்போது சனிக்கிழமைதோறும் சிதம்பரம் போகிறேன். நடுவில் இரண்டு முறை தோழியின் போனை வாங்கிப் பழையபடி உட்கார்ந்துவிட்டாள். அவளே சொன்னாள். மூன்று அரியரை முடித்துவிட்டாள். ஒன்று மீதி.

பிள்ளை ஜெயிக்கட்டும், பிறகு சாட்சி சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். தோற்று நிற்கும்போதே கர்த்தரிடம் போங்கள். அவர் கேட்கிறார்.

இதை எழுதலாமா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"நாலுன்னே எழுதுப்பா. கொறச்சு எழுதாத" என்றாள்.